ஒப்புக்கொடுத்தவர்களும் எழுதியவர்களும்

பண்பொழித் திருமலைக் குமாரசாமி கோவிலுக்குப் படியேறுகிறவர்களில் பலர் ஏதாவது நேர்ந்துகொண்டு வந்தவர்கள். முடி, காவடி, பால்குடம் என்று அந்தந்த வேண்டுதலுக்கு அந்தந்தக் காணிக்கை. முருக பக்தி அதோடு நின்றுவிடுவதில்லை. இந்தத் தலத்தைப் பாடிய அருணகிரிநாதர் கேட்டது தன்னையே கரைத்துக்கொள்வதை. இதே மலையடிவாரத்தில், தெற்கே களக்காடு, டோனாவூர் வரை வேர்விட்ட திருநெல்வேலிக் கிறிஸ்தவத்திலும் இந்த இரண்டும் உண்டு. ‘முழுவதும் ஒப்புக்கொடுத்தல்’ என்று கன்வென்ஷன் மேடைகளில் இன்றும் ஒலிக்கிற சொல்லுக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டு எழுத்து இருக்கிறது. ஆய்வாளர்கள் அதில் ஒரு பகுதியைத்தான் நன்றாக உழுதிருக்கிறார்கள்.

அதிகம் உழப்பட்டவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1678இல் வெளிவந்த ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையை எடுத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ செய்தார். நற்போதகம் இதழில் தொடராக வந்து 1894இல் நூலானது. பனியனில் சிலுவையடியில் பயணியின் முதுகுச் சுமை சில வரிகளில் கழன்று விழுந்துவிடும். கிருஷ்ணபிள்ளை அங்கிருந்து எளிதில் நகர்வதில்லை. மூலத்தில் இல்லாத இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார்; நடுநடுவே தேவாரம் என்றே பெயரிட்டு இசைப்பாக்களை வைக்கிறார். பயணத்தைவிடப் பாதம் அவருக்கு முக்கியம். தாய்ப்பூனை கவ்விய குட்டிபோலக் கிடப்பதே சரணாகதி என்ற வைணவப் பாடம் ஞானஸ்நானத்தோடு அவரை விட்டுப் போய்விடவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த ஒட்டுறவை ஆராய்ந்தவர்களில் பாளையங்கோட்டையில் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமி முதன்மையானவர். பக்தி இலக்கியத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் ஒப்பிட்டு 1922இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்தார். 1966இல் கிருஷ்ணபிள்ளையைப் பற்றி ஆங்கிலத்தில் தனி நூலே எழுதினார். அமெரிக்க அறிஞர் டென்னிஸ் ஹட்சனின் முனைவர் பட்ட ஆய்வும் கிருஷ்ணபிள்ளை பற்றியதுதான். இந்தத் துறைக்குக் குறையில்லை.

இன்னொரு ஓடை இங்கிலாந்தின் கெஸ்விக் ஊரில் 1875இல் தொடங்கிய கூட்டங்களிலிருந்து வந்தது. சித்தத்தை அடியோடு கடவுளிடம் விட்டுவிடுவதே அதன் வற்புறுத்தல். அந்தக் கூட்டத்தார் ஆதரவில் முதன்முதலாக அனுப்பப்பட்ட மிஷனரி ஏமி கார்மைக்கேல். 1895இல் இந்தியா வந்தவர் 1951இல் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. 1901 முதல் டோனாவூர்தான் வாசம். கோவில்களுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளை மீட்டு வளர்த்த அந்த இல்லத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது; பணம் கேட்டு யாரிடமும் விண்ணப்பம் போடுவதும் கிடையாது. 1931இல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், தவறான இடத்தில் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டு படுக்கை. எழுத்து மட்டும் நிற்கவில்லை.

அவர் புத்தகங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது 1918இல் வந்த பொன்னம்மாளின் கதை. இளம் விதவையான பொன்னம்மாள் கார்மைக்கேலோடு ஊர் ஊராகப் போன பெண்கள் குழுவில் ஒருவர். அந்தக் குழுவில் சேர்ந்தால் தானும் இப்படி நகை போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சிறுமி பேசியது அவர் காதுக்கு எட்டியது. நகைகளைக் கழற்றிவிட்டார். கழுத்தும் காதும் வெறுமையாகப் பெண் தெருவில் நடந்தால் குடும்பத்துக்கே இழுக்கு என்று பேசும் ஊர்கள் இவை. இங்கே பவுன் அலங்காரம் மட்டுமல்ல, ஒரு பெண்ணின் கையிருப்பும் அதுதான். பிறகு நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்று நடத்தி, 1915இல் புற்றுநோயில் இறந்தார்.

கிருஷ்ணபிள்ளை தன் மனமாற்றத்தைத் தானே எழுதிவைத்தார். பொன்னம்மாளை நாம் அறிவதோ பெரும்பாலும் கார்மைக்கேலின் ஆங்கிலத்தின் வழியாக. அவருக்குச் சலிப்பு வந்ததா, ‘அம்மா’ என்று எல்லோரும் அழைத்த கார்மைக்கேலின் கண்டிப்பு எப்போதாவது சுட்டதா என்பதை அந்தப் புத்தகத்திடம் கேட்டு என்ன பயன்? ஒப்புக்கொடுத்தலைப் போதிக்கிற கையிலேயே பேனாவும் இருக்கும்போது, கீழ்ப்படிதல் எங்கே முடிந்து அர்ப்பணிப்பு எங்கே தொடங்கியது என்று பிரித்தெடுப்பது கடினம். 1987இல் எலிசபெத் எலியட் எழுதிய கார்மைக்கேல் வரலாறு அந்தக் கண்டிப்பை மறைக்கவில்லை. ஆனாலும் அதன் நாயகி கார்மைக்கேல்தான். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களின் மானம், உடை, நடத்தை பற்றி எலைசா கென்ட் 2004இல் எழுதிய நூல், நகை கழற்றுவது போன்ற செயலை எந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கற்றுத்தருகிறது.

சம்பளமில்லாத இல்லத்துக்குப் போகாத பெண்கள் கொடுத்த விதம் வேறு. வேதநாயகம் அசரியாவும் கூட்டாளிகளும் 1903இல் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியது. இத்தகைய ஊழியங்களைத் தாங்கிய வழக்கங்களில் பிடி அரிசியும் ஒன்று. உலை வைக்குமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டு, சேர்ந்ததைச் சபையில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பிறகு ஏலம், அல்லது விற்பனை. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடியை அள்ளியவர்கள் பொங்கிப் போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிட்ட பெண்கள். கெஸ்விக் பிரசங்கமோ சரணாகதி விவாதமோ அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர்கள் பெயர் பாட்டிலும் இல்லை, வாழ்க்கை வரலாற்றிலும் இல்லை. சபைகளின் பழைய வரவுசெலவு நோட்டுகளில் ‘அரிசி விற்ற வகையில்’ என்ற வரிகளுக்குள் தேடினால் கொஞ்சம் அகப்படலாம். இந்தத் துறையில் அடுத்த ஆய்வேடு எழுத வருகிறவர், இன்னொரு முறை பனியனையும் பிள்ளையையும் ஒப்பிடுவதற்கு முன்னால், கரையான் அரிப்பதற்குள் அந்த நோட்டுகளைப் பார்த்துவிடுவது நல்லது.