விளையாட்டு அட்டைகளை ரசிப்பது எப்படி

விளையாட்டு அட்டையின் முன்பக்கத்தில் வீரரின் படம் இருக்கும். பின்பக்கத்தில் பெயர், அணி, வரிசை எண், நாலைந்து வரி வரலாறு. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். அட்டை எந்தக் காலத்தது, யாரை நம்பி அச்சானது, யார் கையில் எப்படிப் புழங்கியது என்ற செய்தியெல்லாம் பின்பக்கத்திலும் ஓரங்களிலும்தான் கிடக்கிறது. பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால், கொள்ளுத்தாத்தா காலத்து அட்டை சிகரெட் பெட்டியில் வந்தது. அப்பா வாங்கியது ஆல்பத்தில் ஒட்டும் ஸ்டிக்கர். மகன் வைத்திருப்பது கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரையிட்டது. மூன்றையும் ஒரே கண்ணால் பார்த்தால் மூன்றுமே பிடிபடாது.

சிகரெட் அட்டை முதலில் வெறும் முட்டுக்கொடுப்பு. மெல்லிய காகிதப் பெட்டிக்குள் சிகரெட் நசுங்காமலிருக்க ஒரு கெட்டித்தாள் தேவைப்பட்டது. அதில் படம் அச்சிட்டால் விளம்பரமும் ஆகும் என்று அமெரிக்கக் கம்பெனிகள் கண்டுகொண்டன. ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனி 1887-இல் உலகச் சாம்பியன்கள் என்று 50 அட்டைகளை வெளியிட்டது. பேஸ்பால் ஆட்டக்காரர்களோடு குத்துச்சண்டைக்காரர், மல்லர், படகு வலிப்பவர், பில்லியர்ட்ஸ் ஆடுபவர் எல்லாரும் அதில் உண்டு. இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனி 1896-இல் கிரிக்கெட் வீரர்கள் 50 பேரை அட்டையாக்கியது. 1902-இல் உருவான பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ கிழக்கு நாடுகளின் சந்தையைப் பிடித்துக்கொண்டது. மலாயாவில் அதன் தொழில் 1912-இல் தொடங்கியது. பினாங்கு துறைமுகத்தில் இறங்கிய சிகரெட்டோடு அட்டைகளும் இறங்கின. புகைத்தவர்கள் பெரியவர்கள், சேர்த்தவர்கள் பிள்ளைகள். வேலை முடிந்து திரும்பும் ஆட்களிடம் அட்டை கேட்டு நிற்பதுதான் அந்தத் தலைமுறையின் சேகரிப்பு முறை. விலை கொடுத்து வாங்கும் எண்ணமே அதில் இல்லை.

இந்த அட்டைகள் சிறியவை: ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் அகலம், 68 மில்லிமீட்டர் உயரம். 25 அல்லது 50 கொண்ட தொகுப்பாக எண்ணிட்டு வந்ததால், 49 கையில் இருந்தாலும் இல்லாத ஒன்றுதான் மனத்தை அரிக்கும். 1930-களில் ஜான் பிளேயர் கம்பெனி பல தொகுப்புகளின் பின்பக்கத்தில் பசை தடவி, ஒட்டிவைக்க ஒரு பென்னிக்கு ஆல்பமும் விற்றது. டான் பிராட்மேன் இடம்பெற்ற 1938-ஆம் ஆண்டுக் கிரிக்கெட் தொகுப்பு அவ்வகையைச் சேர்ந்தது. ஒட்டிய அட்டையைப் பிற்காலத்தில் யாராவது பிய்த்தெடுத்திருந்தால் பின்பக்கம் தோல் உரிந்தாற்போல் இருக்கும். விலை சரிந்துவிடும், ஆனால் ஒரு சிறுவன் அதை எப்படி வைத்திருந்தான் என்பதற்குச் சாட்சியும் அதுவே. போரால் காகிதத் தட்டுப்பாடு வந்ததும் 1940-இல் பிரிட்டிஷ் சிகரெட் அட்டைகள் நின்றன. மறு ஆண்டு டிசம்பரில் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அதற்கு முந்தைய காகிதம் எதுவாயினும் இன்று பினாங்கில் முழுசாகக் கிடைத்தால் அது பெரும் அதிர்ஷ்டம்.

பழைய அட்டையை ரசிக்கப் பூதக்கண்ணாடி போதும். கல்லச்சில் பல வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி அடித்த அட்டையில் வண்ணம் ஒழுங்கற்ற சிறு புள்ளிகளாகவும் திட்டுகளாகவும் படிந்திருக்கும். வீரரின் கன்னச் சிவப்புகூடத் தனியாக வைத்ததுபோல் தெரியும். இக்கால மறுபதிப்பில் நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்ன வட்டங்களாக ஒரே ஒழுங்கில் அமைந்திருக்கும். இன்னொரு சோதனை புற ஊதா விளக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் காகிதத்தில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் பரவலாகச் சேர்ந்தது. 1910-ஐச் சேர்ந்தது என்று சொல்லி விற்கும் அட்டை இருட்டறையில் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் விற்பவரின் பேச்சை நம்ப வேண்டியதில்லை.

போருக்குப் பின் அட்டை சிகரெட்டை விட்டுச் சூயிங்கம் பக்கம் தாவியது. வாங்குபவரும் சேர்ப்பவரும் இப்போது ஒரே ஆள், அதாவது பையனே. அமெரிக்காவின் டாப்ஸ் கம்பெனிக்காக சை பெர்கர் என்ற ஊழியர் புரூக்ளினில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் 1952-ஆம் ஆண்டுப் பேஸ்பால் தொகுப்பை வடிவமைத்தார். விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960-இல் அவரே படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினார். அந்தத் தொகுப்பின் மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்குச் சூயிங்கம் அட்டைக் காலம் பிக் ஃபன் சூயிங்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்களால் நினைவிருக்கும். படத்தில் அச்சிட்ட ரன்னையும் விக்கெட்டையும் கூட்டிக் கணக்குச் சேர்ந்தால் பரிசு. இவ்வகை அட்டைகளில் மடிப்பும் ரப்பர் பேண்டு தழும்பும் பேனாக் கிறுக்கலும் இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம். கிறுக்கலைக் குறையாக மட்டும் எண்ணுவது வியாபாரியின் பார்வை.

மலேசியாவில் காற்பந்து ரசிகர்களின் நினைவில் ஸ்டிக்கருக்கே முதலிடம். இத்தாலியின் மொடெனா நகரத்துப் பனினி சகோதரர்கள் 1961-இல் இத்தாலிய லீக் ஆல்பத்தைத் தொடங்கினார்கள். 1970 மெக்சிகோ போட்டிக்கு முதல் உலகக் கிண்ண ஆல்பம் வந்தது. சகோதரர்களில் ஒருவரான உம்பர்ட்டோ, படங்களைக் கலந்து பொட்டலத்தில் அடைக்க ஃபிஃபிமேட்டிக் என்ற இயந்திரத்தை உருவாக்கினார். 1990-களில் மெர்லின் கம்பெனி இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆல்பங்களை வெளியிட்டது. மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் ரசிகர்கள் எவ்வளவு பேர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஸ்டிக்கர் ஆல்பத்தின் ருசி ஒரு கணக்கில் இருக்கிறது. 2022 உலகக் கிண்ண ஆல்பத்துக்கு 670 படங்கள். யாரோடும் மாற்றிக்கொள்ளாமல் தனியாளாக வாங்கியே நிரப்ப முயன்றால், நிகழ்தகவின்படி சராசரியாக ஏறத்தாழ 4,750 படங்கள் வாங்க வேண்டிவரும். பொட்டலத்துக்கு 5 என்றால் 950 பொட்டலம். முதல் நூறு படங்களில் இரட்டிப்பு அதிகம் வராது. கடைசிப் பத்துப் படங்களுக்காகத்தான் பணம் கரையும். ஆகவே ஆல்பம் என்பது நாலு பேரோடு கூடி நிரப்புவதற்கென்றே அமைந்தது. பள்ளி இடைவேளையில் கத்தையைப் புரட்டி "இது இருக்கு, இது இல்ல" என்று பேரம் பேசியதில்தான் அந்தத் தலைமுறையின் இன்பம் இருந்தது. பளபளக்கும் சங்கச் சின்னம் ஒன்றுக்குச் சாதாரண வீரர் மூவர் என்பதுபோன்ற விலைப்பட்டியலைப் பிள்ளைகளே வகுத்தார்கள். பழைய ஆல்பத்தைப் பார்ப்பவர் காலிக் கட்டங்களையும் கவனிக்க வேண்டும். கோணலாக ஒட்டியது, ஒருவர் மேல் இன்னொருவரை ஒட்டியது, இடையில் கைவிட்டது என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் கைப்பக்குவம் தெரியும்.

2007-இல் வந்த மேட்ச் அட்டாக்ஸ் அட்டைகள் சேகரிப்பில் ஆட்டத்தையும் சேர்த்தன. ஒவ்வொரு வீரருக்கும் தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் எண். இருவர் அட்டையை வைத்து மோதலாம். பிடித்த வீரருக்குக் குறைந்த எண் கொடுத்ததற்காகக் கம்பெனியைத் திட்டுவதும் ரசனையில் சேர்ந்ததுதான்.

இன்றைய தலைமுறையின் அட்டைக்கு விதை 1989-இல் விழுந்தது. அப்பர் டெக் என்ற புதிய கம்பெனி நல்ல தாள், போலியைத் தடுக்கும் ஹோலோகிராம், பிரித்தால் தெரிந்துவிடும் உறை ஆகியவற்றோடு கூடுதல் விலையில் சந்தைக்கு வந்தது. அதே காலத்தில் எல்லாக் கம்பெனிகளும் அளவுக்கு மீறி அச்சடித்ததால் அந்த ஆண்டுகளின் அட்டைகள் இன்றும் மலிவு. பாடம் கற்ற கம்பெனிகள் அருமையை வேண்டுமென்றே உண்டாக்கத் தொடங்கின: ஒளியில் வானவில் காட்டும் பூச்சு, 25-இல் 7 என்பதுபோல் அச்சிட்ட எண், வீரரின் கையெழுத்து, அவர் அணிந்த சட்டையின் துண்டு. 1991-இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனம் அட்டையைச் சோதித்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, உடைக்காமல் திறக்க முடியாத உறையில் அடைத்துத் தருகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் வந்து குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச்சில் அது பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைத்தது.

மதிப்பெண்ணை நம்பி வாங்குவதற்கு முன், மதிப்பெண் போடுபவர் பார்ப்பதைத் தானும் பார்க்கப் பழகலாம். நடுவமைவு, மூலை, விளிம்பு, மேற்பரப்பு ஆகிய நான்குதான் அடிப்படை. படத்தின் இடப்பக்க வெள்ளை 2 மில்லிமீட்டர், வலப்பக்கம் 3 மில்லிமீட்டர் என்றால் அது 40-க்கு 60. அவ்வளவு சாய்ந்தாலே 10 கிடைப்பது கடினம். மூலையில் வெளுப்பு இருக்கிறதா என்று கறுப்புத் துணிமேல் வைத்துப் பார்ப்பது நல்லது. கீறல் நேராகப் பார்த்தால் தெரியாது. மேசை விளக்கின் கீழ் அட்டையைச் சாய்க்கச் சாய்க்க முடி அளவுக் கோடுகள் எழுந்து வரும்.

தற்போது பரவியிருக்கும் பிரேக் என்ற வழக்கம் வேறு ரகம். நேரலையில் ஒருவர் பெட்டியைப் பிரிப்பார். பணம் கட்டியவர்களுக்கு ஆளுக்கொரு அணி ஒதுக்கியிருக்கும். தம் அணியின் அட்டை வந்தால் அவருக்கு. பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். சூதாட்டத்துக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு, பிள்ளைகள் கையில் விடத்தக்கதல்ல.

அட்டையின் பின்பக்கம் எவ்வளவு கடினமான எழுத்து என்பதை உணர ஒரு பயிற்சி உண்டு. பினாங்கில் பிறந்த பூப்பந்து வீரர் எடி சூங்குக்கு ஓர் அட்டை எழுதிப் பார்க்கலாம். ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டம் 1953, 1954, 1956, 1957. எகிறிக் குதித்து அடிக்கும் அடி. மலாயாவுக்காக ஆடிய தாமஸ் கிண்ண ஆட்டங்கள். இவற்றை ஐந்து வரிக்குள் அடக்கி, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். எட்டு முறை உலகப் பட்டம் வென்ற சுவர்ப்பந்து வீராங்கனை நிக்கோல் டேவிட், புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்து மூன்று ஒலிம்பிக் வெள்ளி வென்ற லீ சோங் வெய் என்று தொடர்ந்தால் வீட்டிலேயே ஒரு பினாங்குத் தொகுப்பு உருவாகிவிடும். பிறகு நூறாண்டுக்கு முந்தைய சிகரெட் அட்டையின் வரிகளைப் படித்தால் பெயர் தெரியாத அந்த எழுத்தாளரின் சாமர்த்தியம் விளங்கும்.

பழைய காகிதம் தேடுபவர்களுக்கு ஜார்ஜ்டவுனில் நகர விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்திலுள்ள லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையும், சௌராஸ்தா சந்தை மாடியின் பழைய புத்தகக் கடைகளும் நல்ல தொடக்கம். கிடைத்ததைக் காப்பதுதான் இங்கே பெரும்பாடு. பினாங்கின் ஈரக்காற்றில் அட்டை வளையும், பூஞ்சை பிடிக்கும், பூச்சிட்ட புதிய அட்டைகள் வில்போல் வளைந்து நிற்கும். மென்மையான உறையில் இட்டு, அதைக் கெட்டி உறைக்குள் செருகி, காற்றுப்புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பொட்டலத்தை மாற்ற வேண்டும். பி.வி.சி. உறைகளைத் தவிர்ப்பது நல்லது. அவை நாளடைவில் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வெயில் விழும் சன்னலும் ஆகாது. ரப்பர் பேண்டு கூடவே கூடாது.