ரசீது ஒரு பக்கம்தான்!

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஏப்ரல் முதல் வாரமே சொத்து வரியைக் கட்டிவிடுவார். ''முந்திக் கட்டினா அஞ்சு பர்சன்ட் குறைப்பாங்க தம்பி. ஐயாயிரம் ரூபா வரைக்கும் லாபம்!'' என்று ரசீதை ஆட்டிக் காட்டுவார். பிள்ளைகளின் மார்க் ஷீட் இருக்கிற அதே பீரோவில், பிளாஸ்டிக் உறைக்குள் வருஷ வாரியாக ரசீதுகளை அடுக்கி வைத்திருக்கிறார்.

''சரிங்கய்யா... மாநகராட்சி பட்ஜெட்டை என்னைக்காவது படிச்சிருக்கீங்களா?'' என்று கேட்டேன்.

''அதை நான் எதுக்குப்பா படிக்கணும்?'' என்றார்.

உங்கள் பதிலும் அதுதானே?

நான் பி.காம். படித்தவன். முதல் வாரத்திலேயே சொல்லித் தந்த பாடம், ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுத வேண்டும். வரி ரசீது நம் கையில் இருக்கிற பக்கம். பட்ஜெட் அதன் மறுபக்கம். நாம் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 'ஐயோ கொள்ளை' என்கிறோம். மறுபக்கத்தை நாம் புரட்டவே மாட்டோம் என்ற தைரியம் அவர்களுக்கு.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா?

சென்னையில் 1998-ல் சொத்து வரி பொதுச் சீராய்வு நடந்தது. அடுத்து 2018 ஜூலையில் உயர்த்தினார்கள். அப்போது மாநகராட்சியில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 'ஏன் இவ்வளவு?' என்று கேட்க வார்டில் ஆளே இல்லாத நேரத்தில் நோட்டீஸ் வந்தது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடுபிடித்ததும், அதே உயர்வை நிறுத்தி வைத்தார்கள். பழைய வரி போதுமாம்!

ஆட்சி மாறியது. 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். விரலில் வைத்த மை சரியாக அழிவதற்குள், ஏப்ரல் தொடக்கத்தில் புதிய உயர்வு அறிவிப்பு. பழைய சென்னைப் பகுதிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50%, 1,200 வரை 75%, 1,800 வரை 100%, அதற்கு மேல் 150%. சொத்து வரியைச் சீரமைத்தால்தான் மானியம் என்று 15-வது நிதி ஆணையம் சொல்லிவிட்டது என்றார்கள். உண்மைதான். ஆனால் ஆணையத்தின் அந்த நிபந்தனை, ஓட்டுப்பெட்டி மூடிய பிறகு வந்ததல்ல!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 75% என்பது ஒன்றும் அநியாயமான உயர்வில்லை. 1998-லிருந்து 24 வருஷத்துக்குப் பிரித்துப் பாருங்கள், ஆண்டுக்குச் சுமார் 2.4%-தான் வரும். பால், பஸ், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அதைவிட வேகமாக ஏறின. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் நமக்கு வலித்தே இருக்காது. நகரத்துக்கும் நடுவில் அத்தனை வருஷ வருமானம் கிடைத்திருக்கும். இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டும் அது நடக்கவில்லை. குப்பை அள்ளும் செலவைப் பார்த்து வரி போடவில்லை, தேர்தல் காலண்டரைப் பார்த்துப் போட்டார்கள். என் குற்றச்சாட்டு இதுதான்.

சொந்த வீடு இல்லாதவர்கள் சிரிக்க வேண்டாம். ஆகஸ்ட் வாக்கிலும் ஜனவரி வாக்கிலும் உங்கள் சம்பளச் சீட்டில் ஒரு தொகை பிடிப்பார்கள், கவனித்தீர்களா? தொழில் வரி. தமிழ்நாட்டில் அதுவும் உள்ளாட்சிக்குத்தான் போகிறது. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 1988-ல் அரசியல் சட்டத்தில் எழுதியது இன்னும் அப்படியே நிற்கிறது. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய். அதாவது மாதம் 13,000 வாங்கும் செக்யூரிட்டியும், அவர் சல்யூட் அடித்துக் கதவு திறந்துவிடுகிற லட்சாதிபதியும் கட்டுவது ஒரே தொகை. 2024-ல் மாமன்றம் இந்த வரியை உயர்த்தியது. யாருக்கு? கீழ்ப்படிகளில் இருப்பவர்களுக்கு. மாதம் பத்தாயிரத்துக்குள் வாங்குபவரின் 690 ரூபாய் 930 ஆனது. மேல்படிக்குக் கை எட்டவில்லை, அங்கே அரசியல் சட்டம் குறுக்கே நிற்கிறதே!

சரி, பட்ஜெட்டை எப்படிப் படிப்பது? மேயரின் உரையை ஓரமாக வையுங்கள். அது அறிவிப்புகளின் ஊர்வலம். அட்டவணையைத் திறங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே போன வருஷம் போட்ட மதிப்பீடு, பிறகு திருத்திய மதிப்பீடு, அதற்கும் முந்தைய வருஷம் நிஜமாகவே செலவான கணக்கு என்று பத்திகள் இருக்கும். பேச்சுக்கு ஒரு மழைநீர் வடிகாலை எடுத்துக்கொள்ளுங்கள். 10 கோடி என்று கைதட்டல் வாங்கியது திருத்தத்தில் 6 கோடியாகி, கடைசிக் கணக்கில் 2 கோடியில் நின்றால்... உங்கள் தெருவில் ஏன் முழங்கால் தண்ணீர் என்பதற்குப் பதில் அந்த மூன்று எண்களில் இருக்கிறது.

கேட்பதற்கு இடமும் உண்டு. வார்டு கமிட்டி, ஏரியா சபைக்கான விதிகள் 2022-லேயே வந்துவிட்டன. அங்கே போய், 'ரோடு சரியில்லை' என்று பொதுவாகப் புலம்பாதீர்கள். 'குறித்துக்கொண்டோம்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். 'நம்ம வார்டுக்குப் போட்டது எவ்வளவு, செலவானது எவ்வளவு?' என்று எண்ணோடு கேளுங்கள். எண்ணோடு கேட்டால் எண்ணோடுதான் பதில் சொல்லியாக வேண்டும்.

மாநகராட்சியின் இணையதளத்திலிருந்து பட்ஜெட்டை எடுத்து அந்தப் பெரியவரிடம் கொடுத்தேன். மூன்று நாள் சத்தமே இல்லை. நாலாம் நாள் காலையில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

''தம்பி, இதுல நிஜமா செலவானது எந்தக் காலம்?''

காட்டினேன். பேனாவை எடுத்து அந்தப் பத்திக்கு அடியில் கோடு போட்டார்.