மஞ்சள் மாத்திரையும் அளவுகோலும்

என் தாயாருக்கு நெடுநாளாக முழங்கால் வலி. அண்டை வீட்டார் சொன்னதைக் கேட்டு, மஞ்சள் சாற்று மாத்திரைப் புட்டி ஒன்றை வாங்கிவிட்டார். உடன் வந்த துண்டறிக்கையை என்னிடம் நீட்டி, "நீ விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவன்தானே, இது சரியா என்று பார்" என்றார். அதில் மூன்று வாதங்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம்.

முதல் வாதம்: "பாட்டி காலத்து மருந்து, பக்க விளைவே இல்லை." சமையல் மஞ்சளின் எடையில் குர்குமின் என்னும் நிறப்பொருள் நூற்றுக்குச் சுமார் 3 பங்குதான். மாத்திரையிலோ அதைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கி அடைக்கிறார்கள். குழம்பில் ஒரு சிட்டிகை போட்ட பாட்டியின் அனுபவம் இதற்குச் சான்றாகாது. 2019-இல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை உண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டது. அந்நாட்டு அரசு, புட்டிகளில் எச்சரிக்கை அச்சிடச் செய்தது. அழற்சியைத் தணிக்க வந்த பொருளைப் பற்றி இப்படி ஒரு செய்தி!

இரண்டாம் வாதம்: "ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்டது." இங்கே பௌதிகம் குறுக்கிடுகிறது. சிறிது மஞ்சள் தூளைச் சாராயத்தில் கரைத்து, தெளிந்த நீர்மத்தைப் புற ஊதா விளக்கின் முன் பிடியுங்கள். அது பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். குர்குமின் ஒளியை உறிஞ்சி, வேறு அலைநீளத்தில் உமிழ்கிறது. சோதனைக் குழாய் ஆய்வுகள் பலவற்றில், மருந்து வேலை செய்கிறதா என்பதை ஒளியின் அளவைக் கொண்டே கணிக்கிறார்கள். தானே ஒளிரும் பொருளை அங்கே இட்டால், கருவி காட்டுவது மருந்தின் செயலா, அதன் நிறமா? அமெரிக்க வேதியியலார் சிலர் 2017-இல் வெளியிட்ட விரிவான கட்டுரையில் இந்தப் பொறியைச் சுட்டிக்காட்டினர். எல்லா ஆய்வும் பொய் என்பதல்ல. ஒளியை மட்டும் நம்பிய ஆய்வை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பதே கருத்து.

மூன்றாம் வாதம்: "மிளகுச் சத்து சேர்ந்திருப்பதால் 20 மடங்கு உட்கிரகிக்கப்படும்." இந்த எண் கற்பனையல்ல, பெங்களூரில் நடந்து 1998-இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது. ஆனால் எதன் 20 மடங்கு? குர்குமினைத் தனியே 2 கிராம் கொடுத்தபோது, இரத்தத்தில் அது அகப்படவேயில்லை அல்லது மிக அற்பமாகவே தெரிந்தது என்கிறது அதே ஆய்வு. காலணாவை இருபதால் பெருக்கினாலும் ஐந்தணாதானே! மேலும், மிளகிலுள்ள பிப்பெரின், வலிப்பு நோய்க்குத் தரும் ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தக்கூடியது. துண்டறிக்கை இதைச் சொல்லவில்லை.

அப்படியானால் மாத்திரையால் பயனே இல்லையா? நியாயமாகப் பேசுவோம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், முழங்கால் தேய்மானமும் மூட்டில் நீர்க்கோப்பும் உடைய 70 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மஞ்சள் சாறும், மற்றதற்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் 12 வாரம் கொடுத்தனர். முடிவு 2020-இல் வெளிவந்தது. நூறு மில்லிமீட்டர் வலிக்கோட்டில், சாறு உண்டவர்களுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் கூடுதலாக வலி குறைந்தது. ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தில் மூட்டு நீரின் அளவில் வேறுபாடு இல்லை. அதாவது, வலி ஓரளவு தணிந்தது. நீர்க்கோப்பு கரைந்ததாகத் தெரியவில்லை. "வீக்கத்தைக் கரைக்கும்" என்ற விளம்பரத்திற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

இந்தத் தூரம் ஏன் முக்கியம்? தேய்மான வலி வேறு, முடக்குவாதம் வேறு. முடக்குவாதத்தில் அழற்சி மூட்டையே அரிக்கும். வலி சற்றுக் குறைந்ததென்று டாக்டரின் மருந்தை நிறுத்தினால், உள்ளே அரிப்பு தொடரும். வளைந்த விரல் பிறகு நிமிராது.

ஒரு மாதம் கழித்து, "இப்போது தேவலை" என்றார் தாயார். மகிழ்ந்தேன். ஆனால் மூட்டுவலி ஏறி இறங்கும் இயல்புடையது. மிகவும் வலிக்கும்போதுதான் நாம் மருந்து தேடுகிறோம். பிறகு தானே இறங்கினாலும் புகழ் மருந்துக்கே போகும். போலி மாத்திரையோடு ஒப்பிடுவது இதற்காகத்தான். அவரை டாக்டரிடம் அழைத்துச் சென்றேன், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு.

வாசகர்களே, அடுத்த முறை இத்தகைய துண்டறிக்கை உங்கள் கைக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதை அளந்தார்கள்? எதைக் கொண்டு அளந்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்?