அவசரப்படாத அச்சுக்கோப்பு

1977இல் தம் கணினி நிரலாக்க நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கான அச்சுப் படிகளின் தரத்தைப் பார்த்துக் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் நொந்துபோனார். தாமே அச்சுக்கோப்பு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். சீக்கிரம் முடியும் என்று நம்பித் தொடங்கிய 'டெக்' சுமார் பத்தாண்டுகளை விழுங்கியது.

வரி முறிப்பதை மட்டும் பாருங்கள். சாதாரண மென்பொருள் ஒரு வரி நிரம்பியதும் அடுத்ததற்குத் தாவிவிடும். மிச்ச இடத்தைச் சொற்களுக்கு நடுவே இழுத்து நிரப்பும். டெக் பத்தி முழுவதையும் எடைபோடும். ஏழாவது வரியில் விழவிருக்கும் ஓட்டைக்காக இரண்டாவது வரியைச் சற்றே நெருக்கும். நீளச் சொற்கள் மலிந்த தமிழுக்கு, அதுவும் செய்தித்தாளின் ஒடுங்கிய பத்திகளுக்கு, இந்தப் பொறுமை எவ்வளவு தேவை!

திருத்தத் திருத்த டெக்கின் பதிப்பு எண் கணித மாறிலி 'பை'யின் மதிப்பை நெருங்குகிறது. 2021இல் அது 3.141592653.