பந்தை இடுக்கும் கலை

அமெரிக்கன் ஃபுட்பாலில் உருளும் பந்து கையில் தங்குவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. இரு முனையும் கூர்ந்து, நடுவில் பருத்து, ஏறத்தாழ பதினோரு அங்குல நீளத்தில் தோலால் தைத்த பந்து. தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நூறு கிலோ ஆட்கள் நாலா பக்கமும் வந்து மோத, ஓட வேண்டும். பந்தோடு எதிரியின் எல்லைக்கோட்டைக் கடக்கும் டச்டவுனுக்குக் கைதட்டுகிறவர்கள் ஓட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். பந்தைச் சுமப்பதே தனியொரு வித்தை என்பது, அது நழுவும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

ஒரு முனையை விரல்கள் கவ்வ வேண்டும். மறுமுனை முழங்கை மடிப்பில் புதைய வேண்டும். வெளிப்பக்கம் முன்கை, உள்பக்கம் விலா. சந்தைக்குக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். சிறகடிக்கத் துளி இடம் கொடுத்தாலும் கோழி போய்விடும். கெட்டிக்கார ஓட்டக்காரன் தனியாக ஓடும்போதுகூட அந்த இடத்தைக் கொடுப்பதில்லை. பின்னாலிருந்து வருகிறவனை அவனால் பார்க்க முடியாதே!

நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் டிக்கி பார்பர் 2003 பருவத்தில் 9 முறை பந்தை நழுவவிட்டார். 2004இல் டாம் காஃப்லின் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அதன்பின் பார்பரின் பிடி மாறியது. மாற்றம் என்னவோ சிறியதுதான்: பந்தைக் கிடையாக வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, மணிக்கட்டு முழங்கைக்கு மேலே வரும்படி நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பது. 2005இல் அவர் 1,860 யார்டு ஓடினார். நழுவியது ஒரே ஒரு முறை. ஓட்டத்தின் அழகு கொஞ்சம் குறைந்தது என்று சிலர் சொல்லலாம். எனக்கு அந்த இறுக்கம்தான் அழகு.

பறிப்பவனின் வித்தை இதற்கு நேர் எதிர். சிகாகோ பேர்ஸ் அணியின் சார்லஸ் டில்மன், ஆளைச் சாய்க்கும் அதே நொடியில் முஷ்டியால் பந்தைக் குத்துவார். அவருடைய செல்லப்பெயரை ஒட்டி அந்தக் குத்துக்கு ‘பீநட் பஞ்ச்’ என்றே பெயர் வந்துவிட்டது. வாழ்நாளில் 44 முறை எதிரியின் பிடியிலிருந்து பந்தை உதிர்த்தவர். 2012இல் டென்னசி டைட்டன்ஸுக்கு எதிரே ஒரே ஆட்டத்தில் நான்கு. 2017இல் மயாமி பல்கலைக்கழக அணி, பந்தைப் பறித்தவன் கழுத்தில் கனத்த தங்கச் சங்கிலியை மாட்டிக் கொண்டாடியது. நழுவாமல் காத்தவனுக்குச் சங்கிலி போட்ட அணியை நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த வித்தையின் அருமை தெரிய வேண்டுமானால் ஜெயிக்கிற அணியைப் பார்த்துப் பயனில்லை. இரண்டு முறை பந்தைத் தொலைத்தாலும் நாலு டச்டவுன் போட்டு அது சமாளித்துக்கொள்ளும். தள்ளாடும் கல்லூரி அணியைப் பாருங்கள். 2023இன் நெப்ராஸ்காவைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நெப்ராஸ்கா சாமானிய அணி அல்ல. 1970, 71, 94, 95, 97 என்று ஐந்து தேசியப் பட்டங்கள். லிங்கன் நகரில் உள்ள அதன் மைதானத்தில் 1962 முதல் டிக்கெட் விற்றுத் தீராத ஆட்டமே இல்லை. ஆனால் 2016க்குப் பிறகு, பருவ முடிவில் நல்ல அணிகள் ஆடும் பௌல் ஆட்டம் ஒன்றைக்கூட அது எட்டியிருக்கவில்லை. அதற்கு ஆறு வெற்றி தேவை. 2023இல் மேட் ரூல் புதுப் பயிற்சியாளராக வந்தார்.

முதல் ஆட்டம் மினசோட்டாவில். கடைசிக் கால்பகுதியில் 10–3 என்று முன்னிலை. அப்போது ஓட்டக்காரர் பந்தை நழுவவிட்டார். மினசோட்டா சமன் செய்தது. அடுத்து, பந்தை எறிவதே வேலையான குவாட்டர்பேக் எறிந்ததை எதிரணியின் டைலர் நூபின் பிடித்துவிட்டார். கடைசி நொடியில் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 47 யார்டு ஃபீல்ட் கோல், 13–10 தோல்வி. நவம்பரில் மேரிலண்டுக்கு எதிரே ஐந்து முறை பந்து பறிபோனது. மறுபடி கடைசி உதை, மறுபடி 13–10. இறுதி ஆட்டத்தில் ஐயோவா. 10–10 என்றிருக்க, நெப்ராஸ்காவின் தற்காப்பு எதிரியின் வீச்சைப் பிடித்துப் பந்தை மீட்டுத் தந்தது. சில நொடிகளில் நெப்ராஸ்காவின் வீச்சு ஐயோவா கைக்குப் போனது. 38 யார்டிலிருந்து உதை, 13–10! ஒரே பருவத்தில் ஒரே ஸ்கோரில் மூன்று தோல்வி, மூன்றும் கடைசி உதையில். தவறவிட்ட பையன்களின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இருபதை ஒட்டிய வயது.

பத்துப் புள்ளி எடுக்கவே முக்கும் அணிக்கு ஒரு நழுவல் மும்முறை அடி. தான் போட்டிருக்கக்கூடிய புள்ளி போனது. மைதானத்தின் நல்ல இடம் எதிரிக்குக் கிடைத்தது. இப்போதுதான் மூச்சு வாங்க உட்கார்ந்த தற்காப்பு வீரர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வர வேண்டும். இதோடு நிற்பதுமில்லை. பின்தங்கிய அணி ஓடிக்கொண்டிருக்க நேரம் இல்லை, எறிந்தாக வேண்டும்; எறியப்போகிறான் என்று எதிரிக்கும் தெரியும். பயந்த குவாட்டர்பேக் ஒரு கணம் கூடுதலாகப் பந்தை வைத்திருப்பான், அந்தக் கணத்தில் முதுகில் மோதுவார்கள். பயிற்சியாளர் ஆளை மாற்றுவார். பந்தைப் பின்னால் தரும் சென்டரின் கையோடு புதியவனுக்குப் பழக்கம் போதாது. நெப்ராஸ்கா அந்தப் பருவத்தில் மூன்று குவாட்டர்பேக்குகளை ஆடவிட்டது.

விழுந்த பந்து யாருக்குக் கிடைக்கும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். புள்ளிவிவரக்காரர்கள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்பார்கள். தோற்ற அணியின் ரசிகர்கள் இதைச் சொல்லி ஆறுதல் அடைவதுண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விழுந்த பிறகுதான் அதிர்ஷ்டம். விழவிடாமல் இருப்பது முழங்கையின் வேலை.

கடைசி நான்கு ஆட்டத்தையும் தோற்று 5–7 என்று பருவத்தை முடித்தது நெப்ராஸ்கா. நான்கில் ஒன்றுகூட ஏழு புள்ளிக்கு மேல் வித்தியாசம் இல்லை. அந்தத் தற்காப்பு வீரர்கள் பௌல் ஆட்டத்துக்கு முழுத் தகுதி உடையவர்கள் என்பது என் கணிப்பு. அணிக்கு அது மறு ஆண்டுதான் வாய்த்தது: 2024 டிசம்பரில் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் பாஸ்டன் காலேஜை 20–15 என்று வென்றார்கள்.