சிவப்பு முனைக் கம்பி

ஓசூர் சிப்காட், பேகேபள்ளி, ஜூஜூவாடிப் பக்கத்துப் பட்டறைகளில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய்க்கு, டங்ஸ்டன் முனையால் ஆர்க் பிடிக்கும் டிக் வெல்டிங் வைப்பவர்களிடம் எந்த டங்ஸ்டன் ராடு நல்லது என்று கேட்டால், பலரும் சிவப்பு முனையைத்தான் காட்டுவார்கள். அதில் ஏறத்தாழ 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கிறது. அந்த விருப்பத்துக்கு வலுவான இயற்பியல் காரணமும் இருக்கிறது.

உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான் வெளியே வரக் கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச ஆற்றலே வெளியேற்று ஆற்றல். தூய டங்ஸ்டனுக்கு அது சுமார் 4.5 எலக்ட்ரான் வோல்ட். சூட்டில் தோரியம் மேற்பரப்புக்கு நகர்ந்து ஓரணுப் படலமாகப் படியும்போது அது 2.6 அளவுக்கு இறங்கிவிடுகிறது. இயற்பியலாளர் ரிச்சர்ட்சனுக்கு 1928-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றுத்தந்த வெப்ப அயனி உமிழ்வு விதியின்படி, இந்தச் சிறு இறக்கமே அதே வெப்பநிலையில் உமிழ்வை நூற்றுக்கணக்கான மடங்கு கூட்டும். அதனால்தான் ஆர்க் சட்டென்று பிடிக்கிறது, அலையாமல் நிற்கிறது, முனை உருகிக் குமிழாவதில்லை. மெல்லிய தகட்டில் வேலை செய்பவருக்கு இது பெரிய வரம்.

குறை வெல்டிங்கில் அல்ல, கிரைண்டரில். முனை ஃபில்லரிலோ ஜாபிலோ பட்டுவிட்டால் மறுபடி கூம்பாகத் தீட்டவேண்டும். தீட்டும்போது பறக்கும் சாம்பல் நிறத் தூளில் தோரியம் இருக்கிறது. தோரியம் கதிரியக்கத் தனிமம்; அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு. அது வீசும் ஆல்பா கதிரைத் தோலே தடுத்துவிடும். ஆகவே ராடைக் கையில் பிடிப்பதாலோ பெட்டியில் வைப்பதாலோ பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தங்கிய தூளைத் தடுக்க அங்கே தோல் கிடையாது. அதுவும் தீட்டும் வேலை பெரும்பாலும் ஹெல்பர் பையனிடம் போகிறது. முகத்தில் ஒரு கைக்குட்டை, அதே மேசையில் டீ கிளாஸ். தொழில்நுட்பத்தின் லாபம் வெல்டருக்கும் முதலாளிக்கும், தூள் மட்டும் அவனுக்கு என்ற இந்தப் பங்கீட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

மாற்று கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. லாந்தனம் ஆக்சைடு கலந்த ராடு, 1.5 சதவீதம் தங்க நிறம், 2 சதவீதம் நீலம். இதுவும் வெளியேற்று ஆற்றலைக் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறக்குகிறது. கதிரியக்கம் என்று சொல்லும்படி இல்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் தோரியமும் லாந்தனமும் சேர்ந்தே கிடக்கின்றன என்பது எனக்கு வியப்பான செய்தி. மிக உயர்ந்த மின்னோட்டத்தில் சிவப்பே தாங்கும் என்று பழகிய வெல்டர்கள் சொல்வதை ஒதுக்கமாட்டேன். தடித்த தகட்டு வேலையில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இங்குள்ள சிறு பட்டறைகளின் அன்றாடக் குழாய், தகட்டு வேலைக்கு அத்தனை மின்னோட்டம் தேவைப்படுவதில்லை.

கையிருப்பிலுள்ள சிவப்பு ராடு தீரும்வரை தீட்டுவதற்கென்று தனிக் கல், அதன் வாயிலேயே தூளை இழுக்கும் உறிஞ்சி, முறையான மூச்சுக்கவசம், தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் எடுத்து மூடிவைப்பது ஆகிய இவ்வளவையும் இன்றே தொடங்கலாம். அடுத்த ஆர்டரில் நீலம் என்று எழுதவேண்டும்.