தீப்பெட்டியில் தொடங்கும் காதல்

ஜிம் ஜார்முஷின் 'பேட்டர்சன்' (2016) படத்துக்கு முன்கூட்டியே கதை சொல்லிக் கெடுத்துவிடலாம் என்ற பயம் வேண்டாம். கெடுப்பதற்கு அதில் கதை கொஞ்சம்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பேட்டர்சன் என்றொரு ஊர். அதே பெயரில் அங்கே ஒரு பஸ் டிரைவர். அவன் காலையில் எழுகிறான், 23ஆம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறான், வீடு திரும்புகிறான், ராத்திரி நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து வழியிலுள்ள பாரில் ஒரு பீர் குடிக்கிறான். இடையில் கிடைக்கிற நேரத்தில் ஒரு நோட்டில் கவிதை எழுதுகிறான். திங்களில் தொடங்கும் படம் அடுத்த திங்கள் காலையில் முடிகிறது.

முதல் கவிதை ஒரு தீப்பெட்டியைப் பற்றியது. சாப்பாட்டு மேசையில் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். டிப்போவுக்கு நடக்கும்போது வரிகள் மனசில் ஓடுகின்றன. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் மேற்பார்வையாளர் வந்து தன் குடும்பக் கஷ்டங்களை ஒப்பிக்கிறார். பஸ் கிளம்புகிறது, கவிதை பாதியில் நிற்கிறது. மதியம் பஸேயிக் அருவிக்கு எதிரே டிபன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான். சினிமாவில் கவிஞன் என்றால் கசக்கி எறிந்த காகிதமும் சிகரெட் புகையும்தான் வழக்கம். இங்கே வரி பிறப்பதையே பார்க்கிறோம். கையெழுத்து திரையில் எழுந்து வர, ஆடம் டிரைவரின் குரல் எழுதும் வேகத்திலேயே தயங்குகிறது. சொன்ன வரியையே மறுபடி சொல்லி, அடுத்த வரியைத் தேடுகிறது. பெட்டியின் நிறத்தையும் எழுத்தமைப்பையும் வர்ணித்துக்கொண்டே போகும் கவிதை, எதிர்பாராத இடத்தில் திரும்பி மனைவி லாராவிடம் போய்ச் சேர்கிறது.

இந்தக் கவிதைகளை எழுதியவர் ரான் பாட்ஜெட் என்ற நிஜக் கவிஞர். சில பழையவை, சில படத்துக்காகவே எழுதப்பட்டவை. ஒரு டிரைவர் எழுதியிருப்பான் என்று நம்ப வைக்கும் எளிமையும், இன்னொரு தடவை கேட்கத் தோன்றும் நேர்த்தியும் அவற்றில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது லேசான வேலையில்லை. படத்துக்குப் பின்னால் இன்னொரு கவிஞரும் நிற்கிறார்: இந்த ஊரின் பெயரிலேயே ஐந்து பாகங்களில் நெடுங்கவிதை எழுதிய வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். பக்கத்து ரதர்ஃபோர்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டே எழுதியவர். பிழைப்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று புலம்பாத பரம்பரை இது.

ஒவ்வொரு நாளும் ஓர் ஆவர்த்தனம். ஃபிரடெரிக் எல்ம்ஸின் கேமரா படுக்கையை மேலிருந்து பார்க்கும் அந்த ஷாட்தான் சமம். திங்கள் காலை அதே படுக்கையில், தனக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாகக் கனவு கண்டேன் என்கிறாள் லாரா. அன்றிலிருந்து அவன் கண்ணில் இரட்டையர்களாகவே படுகிறார்கள்: பஸ்ஸில், தெருவில், பாரில். கனவுக்கு என்ன பலன் என்று படம் ஆராய்வதில்லை. அவள் அரைத்தூக்கத்தில் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டவனுக்கு ஊர் அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான். இந்தப் படத்தில் காதல் என்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

லாராவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. திரைச்சீலை, உடை, கதவு, கப்கேக் என்று கையில் கிடைத்ததெல்லாம் அவளுக்குக் கறுப்பு வெள்ளை. திடீரென்று ஒரு கித்தார் வாங்கி, பெரிய பாடகியாகிவிடுவேன் என்கிறாள். ஈரானிய நடிகை கோல்ஷிஃப்தே ஃபராஹானி இந்த உற்சாகத்தைக் கேலியாக்காமல் செய்திருக்கிறார். என் கணக்கில் இருவரில் துணிந்த கலைஞர் லாராதான். அவன் நோட்டை அவளுக்கே காட்டத் தயங்குகிறான். அவளோ செய்ததையெல்லாம் பட்டப்பகலில் மாட்டி வைக்கிறாள். ஆனால் அவள் எப்படிச் செய்கிறாள் என்பதைவிட, மாலையில் செய்து முடித்ததைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். அவனுக்குக் கிடைத்த நிதானம் அவளுக்குக் கிடைக்கவில்லை. இது குறைதான்.

ஓர் இரவு அவள் சீஸும் குட்டி முட்டைக்கோஸும் வைத்து ஒரு பை செய்கிறாள். அவன் பாராட்டிக்கொண்டே விழுங்குகிறான், விழுங்க விழுங்கத் தண்ணீர் குடிக்கிறான். படத்தின் மிக நல்ல காதல் காட்சி இது. இன்னொன்று: தெருவோரம் அம்மாவுக்காகக் காத்திருக்கும் ஒரு சிறுமி, தான் எழுதிய மழைக் கவிதையை அவனுக்குப் படித்துக் காட்டுகிறாள். அதை மனசில் வைத்திருந்து வீட்டில் லாராவிடம் சொல்லி மகிழ்கிறான். தன் கவிதையைப் பற்றி அவன் இவ்வளவு பேசியதில்லை. (அந்தச் சிறுமியின் கவிதை மட்டும் ஜார்முஷே எழுதியது.)

பாரில் ஒருவன் துப்பாக்கியை நீட்டும் காட்சி எனக்கு ஒட்டவில்லை. ஏதாவது நடக்க வேண்டுமே என்ற கவலை இயக்குநருக்கே வந்துவிட்டதோ என்னவோ. பேட்டர்சன் ராணுவத்தில் இருந்தவன் என்று காட்டத்தான் அந்தக் காட்சி என்றால், அதைப் படுக்கையறையிலுள்ள ஒரு போட்டோ ஏற்கெனவே சொல்லிவிட்டது.

உண்மையான நாசம் வீட்டுக்குள்தான் நடக்கிறது. பிரதி எடுத்து வை என்று லாரா சொல்லிக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை இரவு இருவரும் சினிமாவுக்குப் போன நேரத்தில் மார்வின் என்ற புல்டாக் அந்த நோட்டைச் சுக்குநூறாக்கிவிடுகிறது. கத்தல் இல்லை, உடைந்த பாத்திரம் இல்லை. உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்று நாயிடம் மெதுவாகச் சொல்கிறான், அதோடு சரி. மறுநாள் அருவியருகே ஒரு ஜப்பானியர் வந்து உட்கார்கிறார். வில்லியம்ஸின் ஊரைப் பார்க்க வந்த கவிஞர். நடித்தவர் மசதோஷி நாகசே. ஜார்முஷின் 'மிஸ்டரி டிரெயின்' (1989) படத்தில் மெம்ஃபிஸுக்கு வந்த அதே இளைஞர். நீங்களும் கவிஞரா என்று கேட்கிறார். நான் பஸ் டிரைவர், அவ்வளவுதான் என்கிறான் இவன். போகும்போது அவர் ஒரு வெற்று நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

2016 கான் விழாவில் படம் போட்டிப் பிரிவில் இருந்தது. நடுவர்கள் ஒரு பரிசும் தரவில்லை. விழாவையொட்டி விமர்சகர்கள் நாய்களுக்கென்று வேடிக்கையாகத் தரும் 'பாம் டாக்' விருது மட்டும், மார்வினாக நடித்து அதற்குள் இறந்துபோயிருந்த நெல்லி என்ற பெண் நாய்க்குக் கிடைத்தது. கவிதையையெல்லாம் கிழித்துப் போட்டவளுக்கு!